மடிக்கணினியும் மாற்றுப் பணிசெயல் முறைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊவாவின் மலைச்சரிவுகள் இன்று தேயிலையாற் போர்த்தப்பட்டுள்ளன. அப்புத்தளையில் நின்று நாற்றிசையும் நோக்கும் ஒருவர், இம்மண்ணுக்கு இயற்கையில் உரிய பயிர் தேயிலையே என்று எண்ணுதல் கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இச்சரிவுகளை முதலிற் பற்றிய பெருந்தோட்டப் பயிர் கோப்பியாகும். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளிற் கண்டறியப்பட்ட நோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் இலங்கையின் கோப்பிச் செய்கையைக் குலைத்துவிட்டது. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார். 1893ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை அப்புத்தளையை அடைந்தது. மண் மாறவில்லை, பயிரே மாறியது.

மண் வேறு, பயிர் வேறு என்னும் இவ்வுண்மை கணினி உலகிற்கும் பொருந்துவதாகும். புதிதாக வாங்கப்பட்ட மடிக்கணினியைத் திறந்தவுடன் திரையிலே தோன்றும் வின்டோஸ் முறைமையையும் அக்கணினியையும் ஒன்றெனவே கருதுவோர் பலர். அவை இரண்டும் ஒன்றல்ல. கணினியின் வன்பொருள் நிலத்தை ஒத்தது; அதன்மீது நிறுவப்பட்ட பணிசெயல் முறைமை பயிரை ஒத்தது. ஒன்றை அகற்றியோ, அதற்கு ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டோ, மற்றொன்றை நிறுவுதல் இயலும். ஆயினும் இவ்வியலுமை தானாகவே கிடைத்ததன்று. அது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு முயற்சியின் பயனாகும். அம்முயற்சியின் வரலாற்றையும், தமிழர் அதிற் கொண்ட பங்கையும், மலையக மாணவர்க்கு அதனால் விளையக்கூடிய பயனையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிசெயல் முறைமை என்பது, கணினியின் நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை முதலிய உறுப்புகளை ஆண்டு, அவற்றைப் பிரயோக மென்பொருள்கள் முறைப்படி பயன்படுத்துமாறு செய்யும் அடிப்படை மென்பொருளாகும். தமிழ்நாட்டார் இதனை இயங்குதளம் என்பர். இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என வழங்குகின்றன. எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் படம் வரைவதற்கும் உரிய மென்பொருள்கள் யாவும் இதன் அனுமதி பெற்றே வன்பொருளை அணுகுகின்றன. எனவே, ஒரு கணினியிலே எது நடைபெறலாம், எது நடைபெறலாகாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பணிசெயல் முறைமையை ஆக்கியோரிடமே பெரிதும் தங்கியுள்ளது. இவ்வதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடியான வினாவாகும்.

கணினி தோன்றிய தொடக்க காலத்தில் இவ்வினா எழவில்லை. கணினியை விற்ற நிறுவனமே மென்பொருளையும் அதனுடன் சேர்த்துக் கொடுத்தது. மென்பொருளுக்கெனத் தனிவிலை குறிக்கும் வழக்கம் அரிதாகவே இருந்தது. 1969ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வன்பொருளையும் மென்பொருளையும் வெவ்வேறாக விலைகூறி விற்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக மாறியதற்கு இவ்வறிவிப்பு ஒரு முக்கிய காரணமாயிற்று. அதே ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். 1976ஆம் ஆண்டில் பில் கேற்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் வரைந்து, விலை கொடாது மென்பொருளைப் பிரதிசெய்தல் களவுக்கு ஒப்பானது என வாதிட்டார். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினிக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் டொஸ் என்னும் முறைமையை வழங்கியது. அம்முறைமையின் வேர் சியாற்றில் நகரத்து நிறுவனம் ஒன்றிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டதாகும். பிற நிறுவனங்களும் ஐ.பி.எம். கணினியை ஒத்த கணினிகளைச் செய்யத் தொடங்கியபொழுது, அவை அனைத்துக்கும் பொதுவான முறைமை மைக்ரோசொப்ட்டின் முறைமையே ஆயிற்று.

இதன்பின் வகுக்கப்பட்ட ஓர் ஒப்பந்தமுறை ஈண்டுக் கவனிக்கத்தக்கது. கணினி செய்யும் நிறுவனம், தான் அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசொப்ட்டுக்கு உரிமப்பணம் செலுத்தவேண்டும் என்பதே அம்முறை. கணினியில் வேறொரு முறைமை ஏற்றப்பட்டிருப்பினும் பணம் செலுத்தியே ஆதல் வேண்டும். இந்நிலையில் மாற்று முறைமையை ஏற்றுதல் இருமுறை விலைகொடுத்தலாக முடிந்தது. அமெரிக்க நீதித் திணைக்களம் இதனை ஆராய்ந்ததன் விளைவாக, 1994ஆம் ஆண்டில் ஏற்பட்ட இணக்கத்தின்படி இம்முறையைக் கைவிட மைக்ரோசொப்ட் உடன்பட்டது. எனினும் அதற்கிடையில் வின்டோசின் ஆட்சி உலகெங்கும் வேரூன்றிவிட்டது.

பெருந்தோட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றுதல் இயல்பு. இலங்கைத் தோட்டங்களிலே துண்டுமுறை என்று ஒன்று வழங்கிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, தன் கடன் இவ்வளவென்றும் அதனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவான் என்றும் குறிக்கும் துண்டைப் பெற்றாலன்றி வேறிடத்தில் ஏற்கப்படமாட்டான். 1921ஆம் ஆண்டிலே சட்டத்தின் மூலம் இம்முறை ஒழிக்கப்பட்டது. துண்டுமுறையினால் தோட்டத் தொழிலாளர் அடைந்த துயரமும் கணினி வாங்குவோர் அடையும் இடர்ப்பாடும் அளவால் ஒப்பிடத்தக்கன அல்ல. அவ்வாறு ஒப்பிடுதல் முன்னையோர் பட்ட பாட்டைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும் இரண்டிலும் பொதுவாக ஓர் உண்மை உண்டு. ஓரிடத்தை விட்டு நீங்கும் வழி அடைக்கப்படுமாயின், அவ்விடத்தில் இருத்தலை ஒருவரின் விருப்பம் எனக் கூறுதல் பொருந்தாது என்பதே அது.

நீங்கும் வழியைத் திறந்தவர்களுள் முதற்கண் குறிப்பிடத்தக்கவர் ரிச்சர்ட் ஸ்டோல்மன் ஆவார். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், 1983ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில், யுனிக்ஸை ஒத்ததும் எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடியதுமான குனூ என்னும் முறைமையை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1985இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனூ பொதுமக்கள் உரிமம் வெளிவந்தது. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்குதல், அதன் மூலநிரலைக் கற்று மாற்றுதல், பிரதிசெய்து பிறர்க்கு வழங்குதல், திருத்திய வடிவையும் வழங்குதல் என்னும் நான்கு சுதந்திரங்களே அவர் கொள்கையின் சாரம். பதிப்புரிமைச் சட்டத்தை ஒழிக்க முயலாது, அச்சட்டத்தையே கருவியாகக் கொண்டு அச்சுதந்திரங்களுக்கு வேலியிட்டமை அவ்வுரிமத்தின் சிறப்பாகும்.

குனூ முயற்சி பல கருவிகளை ஆக்கியிருந்தபோதும், முறைமையின் கரு அப்பொழுது நிறைவுறவில்லை. அக்குறையை நிரப்பியவர் பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர். 1991ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் அவர் தம் முயற்சியை உலகிற்கு அறிவித்தபொழுது அவருக்கு அகவை 21. 1992இல் தாம் ஆக்கிய லினக்ஸ் கருவைக் குனூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இவ்விரண்டின் சேர்க்கையால் முழுமையான கட்டற்ற பணிசெயல் முறைமை ஒன்று உலகிற்குக் கிடைத்தது. 1993இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன், அதனை அடியாகக் கொண்டு 2004ஆம் ஆண்டு ஒக்தோபரில் வெளிவந்த உபுண்டு முதலியன இம்மரபின் கிளைகளாகும்.

முறைமை ஆக்கப்பட்டமை ஒன்று. அது சாதாரண மக்களின் கணினியில் ஏறியமை மற்றொன்று. 1990களின் தொடக்கத்திலே லினக்ஸை நிறுவ விரும்பியவர் பல நெகிழ்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, வன்தட்டைக் கையாற் பகுத்து, திரையின் இயல்புகளையும் தாமே எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. சிறு தவறு நேரினும் கணினியில் இருந்த யாவும் அழியும். 2000ஆம் ஆண்டிலே செருமனியரான கிளவுஸ் நொப்பர் வெளியிட்ட நொப்பிக்ஸ், இறுவட்டிலிருந்தே இயங்கும் முறையைப் பரவச் செய்தது. வன்தட்டைத் தொடாமலே முறைமையை முயன்று பார்த்து, விரும்பினால் மாத்திரம் நிறுவும் வாய்ப்பு இதனாற் பெருகிற்று. உபுண்டுவை வெளியிட்ட நிறுவனம் 2011ஆம் ஆண்டுவரை இறுவட்டுகளை அஞ்சற்செலவும் பெறாது உலகெங்கும் கேட்டவர்க்கு அனுப்பிவந்தது. இணையம் மெதுவாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த நாடுகளுக்கு இஃது அரிய உதவியாயிற்று.

இதற்கிடையில், வேண்டாத முறைமைக்கு விலைகொடுக்கும் கடப்பாடு உண்டோ என்னும் வினா வழக்குமன்றங்களை அடைந்தது. 1999ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லினக்ஸ் பயன்படுத்துவோர் சிலர் மைக்ரோசொப்ட் அலுவலகம் ஒன்றுக்கு ஊர்வலமாகச் சென்று, பயன்படுத்தாத வின்டோசுக்குரிய பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டனர். 2014இல் இத்தாலியின் உயர்நீதிமன்றம், முன்னேற்றப்பட்ட முறைமையை ஏற்காத வாங்குநர் அதற்குரிய தொகையை மீளப் பெறலாம் எனத் தீர்த்தது. ஆனால் 2016ஆம் ஆண்டு செப்தெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், சோனி நிறுவனம் தொடர்பான வழக்கிலே, முறைமை ஏற்றப்பட்ட கணினியை அவ்வாறே விற்பது தன்னளவில் நேர்மையற்ற வணிக வழக்கமாகாது எனக் கூறியது. ஆகவே, சட்டத்தின் தீர்ப்பு ஒருமுகமாக அமையவில்லை என்பது தெளிவு.

வழக்குமன்றத்துக்கு வெளியே மற்றொரு தடையும் எழுந்தது. பழைய கணினிகளிலே பயோஸ் என்னும் சிறு நிரல், வன்தட்டின் முதற்பகுதியில் உள்ளது எதுவாயினும் அதனை இயக்கிவிடும். அதன் இடத்தைப் பெற்ற யூ.ஈ.எப்.ஐ. முறை, நம்பத்தக்க கையொப்பம் உள்ள நிரலை மாத்திரம் தொடக்கத்தில் இயக்கும் ஏற்பாட்டை உடையது. செக்கியூர் பூட் எனப்படும் இவ்வேற்பாடு, 2012ஆம் ஆண்டில் வின்டோஸ் 8 வெளிவந்ததோடு புதிய கணினிகளிற் பரவிற்று. தீய நிரல்கள் தொடக்கத்திலேயே புகுவதைத் தடுத்தல் இதன் நோக்கம். அந்நோக்கம் தக்கதே. ஆயினும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல்களுள் முதன்மையானவை மைக்ரோசொப்ட்டுக்கு உரியனவாக இருந்தமையால், மாற்று முறைமைகள் புதிய கணினிகளில் இயங்காதொழியுமோ என்னும் அச்சம் உண்டாயிற்று. மைக்ரோசொப்ட்டின் கையொப்பம் பெற்ற சிறு இடைநிரல் ஒன்றை ஆக்கி, அதன் வழியாக லினக்ஸை இயக்கும் உபாயத்தால் இவ்விடர் தீர்ந்தது. 2012இன் இறுதியில் உபுண்டுவும், 2013இன் தொடக்கத்திற் பெதோராவும் இவ்வழியைக் கைக்கொண்டன. வழி திறந்தது, எனினும் வாயிற்காப்போன் ஒருவனின் இசைவோடேயே திறந்தது என்பதும் மறக்கற்பாலதன்று.

இவ்வரலாற்றின் ஒவ்வொரு கட்டமும் இன்று புதிய மடிக்கணினியில் மாற்று முறைமையை நிறுவும் செய்முறையிலே தடம் பதித்துள்ளது. முதலிற் கணினியில் உள்ள கோப்புகள் யாவற்றையும் வேறிடத்திற் பிரதிசெய்து காத்தல் வேண்டும். வின்டோஸ் வன்தட்டை மறைகுறியாக்கம் செய்திருப்பின் அதன் மீட்புத் திறவுகோலை எழுதிவைத்தல் இன்றியமையாதது. பின்னர் விரும்பிய முறைமையின் பிரதியை யூ.எஸ்.பி. நினைவியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தல் தகும். கம்பியில்லா இணைப்பும் ஒலியும் தொடுதிண்டும் ஒழுங்காக இயங்குமா என்பது அப்பொழுதே தெரிந்துவிடும். நொப்பிக்ஸ் தொடக்கிய வழக்கம் இதுவாகும். இரண்டு முறைமைகளும் வேண்டுமாயின், வின்டோசின் பகுதியை அதன் சொந்தக் கருவியாலேயே சுருக்கி, வெற்றிடத்தைப் புதியதற்கு ஒதுக்கலாம். வின்டோசின் விரைவுத் தொடக்க ஏற்பாட்டையும் நிறுத்திவிடல் நன்று; அஃது இயங்குமாயின், கணினி அணைந்ததுபோற் தோன்றினும் வின்டோசின் பகுதி முற்றாக மூடப்படாது இருக்கும். நிறுவல் முடிந்தபின், தொடக்கத்தில் எதனை இயக்குவது என்று கேட்கும் பட்டியல் திரையிலே தோன்றும்.

சிறிய செய்தி ஒன்றும் இங்கே கூறத்தக்கது. இரு முறைமைகளையும் மாறிமாறிப் பயன்படுத்துவோர் இலங்கையில் தம் கணினியின் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிழைத்திருக்கக் காண்பதுண்டு. கணினி பழுதுபட்டதென அவர் அஞ்சவேண்டுவதில்லை. வன்பொருட் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக வின்டோஸ் கொள்ளும். லினக்ஸ் அதிலே உலகப் பொதுநேரம் இருப்பதாகக் கொள்ளும். ஓர் ஆணையாலே இருவரையும் இணங்கச் செய்யலாம். காரணம் அறியாதவர்க்கு இஃது ஒரு கோளாறு. காரணம் அறிந்தவர்க்கு வெவ்வேறு வழக்கங்களின் விளைவு. கல்வி இவ்விடத்திலே செய்யும் உதவி யாதென்பது இதனாற் புலனாகும்.

இனி, இவ்வரலாற்றில் தமிழின் நிலையை நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்துக்கென ஆக்கப்பட்ட பொறியிலே தமிழை ஏற்றும் முயற்சி 1980களிலே தொடங்கிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் மென்பொருளை ஆக்கினார். ஆயினும் ஒவ்வொருவரும் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கையாண்டமையால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்தது. இலங்கையிலே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் அமைந்த வினாத்தாளை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும் என்பதை ஆசிரியர் பலர் அறிவர். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் இடம் ஒதுக்கியமை மட்டும் போதாது. 'கொ' என்னும் எழுத்திலே மெய்க்கு முன்னும் பின்னும் உயிர்க்குறி பிரிந்து நிற்றலை முறைப்படி திரையில் அமைக்கும் ஆற்றல் பணிசெயல் முறைமைக்கு இருத்தல் வேண்டும். மைக்ரோசொப்ட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வின்டோஸ் 2000 அவ்வாற்றலைக் கொண்டிருந்தது. லினக்சும் அக்காலத்தை ஒட்டியே அதனைப் பெறலாயிற்று.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாதெனில், முன்னையதில் தமிழை எப்பொழுது, எவ்வளவு சேர்ப்பது என்பதை ஒரு நிறுவனம் தீர்மானித்தது. பின்னையதில் தமிழ் அறிந்த எவரும் அப்பணியில் இறங்கலாம். 1996இற் தொடங்கிய கே.டி.ஈ., 1997இற் தொடங்கிய குனோம் ஆகிய திரை இடைமுகங்களைத் தமிழாக்கத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ்ந்த ஆர்வலர்கள் ஊதியமின்றி உழைத்தனர். 2012ஆம் ஆண்டு முதலாகக் கணியம் என்னும் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய அறிவைத் தமிழிலேயே வழங்கிவருகிறது. விசைப்பலகையிலும் இச்சுதந்திரத்தின் பயன் விளங்கும். தமிழ்நாட்டில் 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பும், இலங்கையில் 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 நியமத்தில் இடம்பெற்ற ரெங்கநாதன் அமைப்பும் இன்று லினக்ஸின் உள்ளீட்டுத் தொகுதியில் அருகருகே கிடைக்கின்றன. இருநாட்டு வழக்குகளுள் ஒன்றை மற்றொன்றுக்காக விடவேண்டிய கட்டாயம் அங்கில்லை.

தனியார் ஆர்வத்தோடு அரசுகளின் முயற்சிகளும் ஆராயத்தக்கன. இந்தியாவிலே சீ-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை டெபியனை அடியாகக் கொண்டு ஆக்கிய பொஸ் லினக்ஸ் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்திலேயே தமிழ்நாட்டு அரசின் எல்கொட் நிறுவனம், உமாசங்கர் என்னும் ஆட்சிப்பணி அலுவலரின் தலைமையிலே லினக்ஸுக்கு மாறியது. 2011ஆம் ஆண்டு செப்தெம்பர் 15ஆம் நாள், அரசு பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்வோர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளிலே வின்டோசும் பொஸ் லினக்சும் இரண்டும் ஏற்றப்பட்டிருந்தன. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையிலே முதன்முறையாகக் கிடைத்த கணினியில் இரு வழிகள் திறந்திருந்தமை சிறப்புடைய நிகழ்ச்சியே. ஆனால் இரு வழிகள் இருத்தல் வேறு. இரண்டாம் வழியில் நடக்கக் கற்பித்தல் வேறு. 2018ஆம் ஆண்டில் வெளியான பதினோராம் வகுப்புப் பாடநூலே வின்டோசையும் உபுண்டுவையும் ஒருங்கே கற்பிப்பதாக அமைந்தது. கருவிக்கும் பாடத்துக்கும் இடையே ஏழாண்டுகள் கழிந்தன.

கேரளம் இதனினும் வேறான முறையைக் கையாண்டது. 2001ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட ஐ.ரி. அட் ஸ்கூல் திட்டம், படிப்படியாகப் பாடசாலைக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களைத் தெரிந்து, அவர்களைக் கொண்டு மற்றைய ஆசிரியர்களைப் பயிற்றியமையும், பத்தாம் வகுப்புத் தேர்விலேயே அதனைச் சேர்த்தமையும் அதன் வெற்றிக்குக் காரணங்களாயின. இதற்கு எதிர்மாறான சான்று செருமனியின் மியூனிக் நகரசபை. 2003ஆம் ஆண்டில் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டுகளுள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிய அந்நகரம், 2017இல் வின்டோசுக்கே மீளத் தீர்மானித்தது. ஒருமுறை நிறுவிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோர்க்கு மியூனிக் நல்லதோர் எச்சரிக்கையாகும். தொட்டது துலங்கத் தொடர்ந்த கவனம் வேண்டும்.

இலங்கையும் இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2003இல் கொழும்பிலே நிறுவப்பட்ட லங்கா மென்பொருள் மன்றம் திறந்த மூல மென்பொருளாக்கத்தை ஊக்கியது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்நாட்டின் கரைகளை அழித்தபொழுது, இலங்கைத் தொழினுட்பவியலாளர்கள் சில நாட்களுள் ஒன்றுகூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்யும் சகனா என்னும் மென்பொருளை ஆக்கினர். அது முற்றிலும் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிடப்பட்டது. 2005இற் பாக்கித்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதினைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனாவுக்கு அளித்தது. பேராதனையை அடுத்த மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தானை லினக்ஸ், பெதோராவை அடியாகக் கொண்டு இலங்கையர் ஆக்கிய வெளியீடாகும். சிறிய நாடு பிறர் செய்ததைப் பெறுவதோடு நில்லாது, பிறர்க்கு வழங்கவும் வல்லது என்பதற்கு இவை சான்றுகள்.

நிற்க, மாற்று முறைமையை மறுப்போர் கூறும் காரணங்களையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். சில அச்சுப்பொறிகளுக்கும் கம்பியில்லாச் சாதனங்களுக்கும் உரிய இயக்கிகள் லினக்ஸில் எளிதிற் கிடைப்பதில்லை. அச்சகங்களும் படத்தொழில் செய்வோரும் கைக்கொள்ளும் சில மென்பொருள்கள் வின்டோசுக்கே ஆக்கப்பட்டவை. பழுது நேர்ந்தாற் திருத்துவதற்கு அயலிலே ஆள் இல்லாமை மலைநாட்டில் மெய்யான இடராகும். இவற்றை மறைத்துப் பேசுதல் மாணவர்க்கு நன்மை செய்வதன்று. வின்டோசைப் பேணிக்கொண்டே மற்றதையும் அருகில் நிறுவும் வழி இத்தகையோர்க்கு ஏற்றதாகும்.

மறுபுறத்தே, மாற்று முறைமையின் தேவை அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இலங்கையிலும் கணினி நிரல்கள் பதிப்புரிமைப் பாதுகாப்பு உடையன. உரிமமின்றிப் பிரதிசெய்த வின்டோசைப் பயன்படுத்துதல், பரவலான வழக்கமாயினும், சட்டத்துக்கு மாறானது. அத்தகைய பிரதிகளோடு தீநிரல்கள் வந்து புகுதலும் உண்டு. 2020இல் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கணினியும் இணைப்பும் இல்லாத பிள்ளைகள் பாடங்களை இழந்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையால் மடிக்கணினியின் விலை தோட்டக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தை அடைந்தது. 2021இல் வெளியான வின்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. வின்டோஸ் 10இற்கான பொது ஆதரவும் 2025ஆம் ஆண்டு ஒக்தோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. ஆகவே, நல்ல நிலையிலுள்ள கணினிகள் பல, உறுப்புகள் தேயாதிருந்தும், பயனற்றனவாகக் கழிக்கப்படும் நிலை தோன்றியுள்ளது. அவற்றின் ஆயுளை நீட்டிக்கவல்ல மருந்து கட்டற்ற முறைமையே. பிறர் பயன்படுத்திய கணினியே ஒரு தோட்டப் பிள்ளைக்குப் புதிய கணினியாக அமையும் இந்நாட்டில், இது சிறு பயனன்று.

மலையகத் தமிழரின் வரலாறு, அவர்களைக் கேளாமலே அவர்களைப் பற்றிப் பிறர் எடுத்த தீர்மானங்களால் நிறைந்தது. எந்தப் பயிரை நடுவது என்பதை நட்ட கைகள் தீர்மானிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் என வகுத்தது. அவ்வாறு எண்ணப்பட்டோரின் விருப்பம் உசாவப்படவில்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. இத்தகைய சமுதாயத்தின் பிள்ளைகளுக்குத் தெரிவு என்னும் சொல் வெறும் சொல்லன்று.

மடிக்கணினியிலே ஒரு முறைமைக்குப் பதிலாக மற்றொன்றை நிறுவுவதனால் வறுமை நீங்கிவிடாது; சம்பளம் உயர்ந்துவிடாது. ஆயினும், கையிலுள்ள பொறி எவ்வாறு இயங்குகின்றது என்று அறிந்து, அதனுள்ளே இருப்பதை மாற்றவும் தாய்மொழியிற் பெயரிடவும் தமக்கும் உரிமையுண்டு எனத் தெளிந்த மாணவர், பிறர் கொடுத்ததை அவ்வாறே பெற்றுக்கொள்ளும் நிலையைக் கடந்தவராவர். அம்மாணவர் எல்லாவற்றையும் ஆராய்ந்தபின் வின்டோசையே விரும்பித் தெரிந்தாலும் குற்றமில்லை, அத்தெரிவு அவருடையது. தமிழ்நாட்டின் அனுபவமும் கேரளத்தின் அனுபவமும் ஒருங்கே உணர்த்துவது யாதெனில், கணினியை வழங்குதல் முதற்படி, மென்பொருளை நிறுவுதல் இரண்டாம் படி, அவற்றைக் கற்பிக்கவல்ல ஆசிரியரை ஆக்குதலே முடிவான படி என்பதாகும். முதல் இரண்டு படிகளும் பணத்தாலும் நுட்பத்தாலும் அமைவன. மூன்றாவது படி பாடசாலைகளின் கையில் உள்ளது. ஊவாவின் பாடசாலைகளும் அவற்றின் பழைய மாணவர்களும் அப்படியை அமைக்க முன்வருதல் காலத்தின் தேவையாகும்.